சுவருக்குக் கேட்க வாசித்த விண்வெளிக் கதைகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கே ஒற்றுப் போட வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். மறதி வேறு. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருப்பேன். எங்கள் ஊர் நூலகத்து அம்மா, "நீங்க படிச்ச கதைங்களைப் பத்தி எழுதிக் குடுங்க, வாசகர் மலர்ல போடுறோம்" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். மேடையேறிப் பேசச் சொல்லியிருந்தால் நான் அந்தத் தெருப் பக்கமே போயிருக்க மாட்டேன். எழுதுவது தேவலை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பது ஒரே வகைதான். மாமியார் மருமகள் கதை எனக்கு வேண்டாம். அது வீட்டிலேயே இருந்தது. வேற்றுக்கிரகம், விண்கலம், முந்நூறு வருஷம் முன்னால் போய்விட்டு வருகிறவன், மழையை மந்திரம் போட்டுப் பானைக்குள் அடைத்த ராணி, கடலுக்கு அடியில் சந்தை நடத்துகிறவர்கள், இப்படி ஏதாவது இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூட அலமாரியில் அட்டை போன ஒரு புத்தகம் கிடைத்தது. அதில் ஒரு கிரகத்தில் பாறைகள் மூச்சு விடும். அதைப் படித்த அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் மைல்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது பிடித்தது. எனக்கு இப்போது எழுபது ஆகப் போகிறது, இன்னும் விடவில்லை.

கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்தது. என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கேட்பதில் என்னைவிடப் பெரிய ரசிகை. மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடித்ததும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்துவிடுவோம். நான் வாசிப்பேன், அக்கா முறத்தில் எதையாவது புடைத்துக்கொண்டே கேட்பார். சும்மா கேட்க மாட்டார்.

"அந்தக் கிரகத்துல மண்ணு என்னடி மண்ணு? களியா, மணலா?"

"அது எழுதலக்கா. செவப்பா இருக்குன்னு போட்டிருக்கு."

"செம்மண்ணுன்னா தண்ணி நிக்காதே. அப்புறம் என்னத்த வெதைச்சுத் திங்கிறானுவ?"

ஒரு கதையில் இரண்டு நிலா வரும். அக்கா அன்றைக்கு முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டும் ஒரே நாள்ல மறைஞ்சாத்தானே அமாவாசை? அது எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா வரும்? அதுவரைக்கும் செத்தவங்கள்லாம் சோறில்லாமக் கெடக்குறதா?" எழுதினவர் இதை யோசித்தே இருக்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. நாங்கள் இரண்டு பேரும் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தோம். ஒரு நிலாவுக்கு இருபது நாள், மற்றதற்கு முப்பது நாள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு ஒரு அமாவாசை வரும். "பரவால்ல, தாங்கிக்குவாங்க" என்றார் அக்கா.

நடவுக்குப் போகிற இடத்திலும் இதையே பேசுவோம். அதனால் எங்களுக்குப் பட்டப்பெயர் உண்டு. "வேத்துக்கிரகத்துக்காரிங்க வந்துட்டாளுவ. ஏக்கா, செவ்வாயில நடவுக்கு ஆள் எடுக்குறாங்களா?" என்று கேலி செய்வார்கள். நான் முகம் சிவந்து குனிந்துவிடுவேன். அக்கா விட மாட்டார். "எடுக்குறாங்கடி. ஆனா வாய் நீளமா இருந்தா அங்க காத்து பத்தாதாம். நீ இங்கேயே இரு."

மூத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர். அவரோடு நான் நேராகப் பேசினதே கிடையாது. கணவரின் அண்ணன் எதிரில் உட்காராமல், முகம் பார்த்துப் பேசாமல் வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். நான் இரண்டடி தூரத்தில் நின்றாலும் அவர் அக்காவைப் பார்த்துத்தான், "அந்தப் புள்ளைகிட்ட சொல்லு" என்பார். நானும் அக்காவிடம்தான் பதில் சொல்வேன். பாகம் பிரித்தபோது கொல்லையின் நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். அது சண்டையில்லாத பிரிவினை. சுவரின் கோடியில் ஒரு வழி விட்டிருந்தார்கள். கதை நேரத்துக்கு நான் அந்த வழியாகப் போய்விடுவேன்.

எல்லாவற்றையும் நான்தான் கெடுத்தேன். அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நாலு வருஷம் இருக்கும். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே எங்களுடையது கடைமடை. ஆற்றில் தண்ணீர் விட்டு எங்களூர் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் மேலே இருக்கிறவர்கள் நாற்றே விட்டிருப்பார்கள். வந்த தண்ணீரையும் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். அன்றைக்கு எங்கள் முறை. வயலில் சேறடிக்கத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வயலை அடுத்துப் பள்ளத்தில் மூத்தாரின் நாற்றங்கால். முதல் நாள்தான் முளைகட்டின விதையைத் தெளித்திருந்தார். தெளித்த மறுநாள் அதில் தண்ணீர் ஏறக் கூடாது. ஏறினால் முளையெல்லாம் மிதந்துவிடும்.

என் வீட்டுக்காரர் உரம் வாங்கப் பட்டுக்கோட்டைக்குக் கிளம்பினார். "தண்ணி அந்தக் கோடி வரப்பைத் தொட்டதும் மடையை அடைச்சிடு. அண்ணன் நாத்தங்கால் இருக்கு, பாத்துக்க" என்று மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் இடுப்பில் புத்தகத்தைச் செருகிக்கொண்டு போயிருந்தேன். பூவரச நிழலில் வரப்பின் மேல் உட்கார்ந்தேன். தண்ணீரே இல்லாத கிரகம் ஒன்றைப் பற்றிய கதை. அங்கே பிறந்த ஒரு பெண், தண்ணீர் என்றால் என்னவென்று கேள்விப்பட்டிருக்கிறாளே தவிரப் பார்த்ததில்லை. பூமிக்கு வந்து முதல் தடவையாக ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறாள். காலை வைக்கவா வேண்டாமா என்று தயங்குகிறாள். அந்த இடத்தை மூன்று தடவை படித்தேன். அக்காவிடம் எப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். என் கால் நனைந்தது. அப்போதுதான் நிமிர்ந்தேன்.

கோடி வரப்பைத் தாண்டித் தண்ணீர் நாற்றங்காலுக்குள் இறங்கியிருந்தது. முளையெல்லாம் நுரையோடு நுரையாக மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. ஓடிப்போய் மடையை அடைத்தேன். கையால் முளையை வாரிப் பரப்பப் பார்த்தேன். அது ஆகிற காரியமா? சுற்றிலும் ஆளில்லை. காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மூத்தார் வாசலில் நின்று சத்தம் போட்டார். அந்தச் சித்திரையில்தான் வரப்புக் கல் விஷயமாகச் சர்வேயரை வைத்து அளந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது. "கல்லுக்குப் பதிலா என் வெதையில கையை வச்சிட்டான்" என்றார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மடையை அடைச்சியா, இல்லியா?"

"அடைச்சேங்க."

"நேரத்துக்கு அடைச்சியா?"

"அடைச்சேங்க. வரப்புல நண்டு வளை இருந்திருக்கும்."

நண்டின் மேல் பழியைப் போட்டேன். எங்கள் பக்கத்தில் இது எல்லாரும் நம்புகிற பொய். நண்டு வளை தோண்டினால் வரப்பு ஒழுகத்தான் செய்யும். புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருந்தால் அன்றோடு நூலகத்துக்குப் போவது நின்றிருக்கும். அதற்காகத்தான் பொய் சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மூத்தார் நம்பவில்லை. "அய்யனார் கோயில்ல சூடம் அடிப்பானா?" என்றார். சூடத்தை ஏற்றி, எரிகிறபோதே உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் ஊர் வழக்கம். என் வீட்டுக்காரர் என்னை நம்பினார். மறுநாள் ஊரார் பார்க்கச் சூடம் அடித்தார். "என் மடை நேரத்துக்கு அடைபட்டுச்சு" என்று அவர் சொன்னபோது நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அத்தனை பேர் இருந்தார்கள். திறக்கவில்லை.

சத்தியத்துக்கு அப்புறமும் சண்டை ஆறவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. சுவரின் கோடியில் இருந்த வழியைப் படல் வைத்து அடைத்துவிட்டார் மூத்தார்.

ஒரு மாதம் தனியாகப் படித்தேன். ருசிக்கவில்லை. பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். மண் என்ன மண் என்று கேட்க ஆளில்லை. ஒருநாள் மத்தியானம் அந்தப் பக்கம் முறம் புடைக்கிற சத்தம் கேட்டது. என்ன தோன்றியதோ, சுவரோரம் போய் உட்கார்ந்து உரக்க வாசித்தேன். எனக்கு நானே படிப்பதுபோல. நாலு வரி போனதும் முறத்துச் சத்தம் நின்றது.

மறுநாளும் வாசித்தேன். ஒரு வாரத்தில் பதிலும் வர ஆரம்பித்தது. அக்கா என்னோடு பேசவில்லை. தன் ஆட்டோடு பேசினார்.

"ஏ ஆடே, நேத்து அந்தக் கலம் வெடிச்சுதே, அந்தக் கிழவன் பொழைச்சானா செத்தானா? யாராச்சும் சொன்னாத்தான என்னவாம்? தழையை மட்டும் திங்கத் தெரியுது."

நான் அந்தக் கிழவன் பிழைத்த பக்கத்தைத் தேடி வாசிப்பேன். வேகமாகப் போய்விட்டால், "ஆடே, ஓடாத, மெதுவாப் போ. வயசானவளால பின்னாடி வர முடியல" என்பார். பேச்சு நின்ற வீடுகளில் இப்படிச் சாடையாகப் பேசுவது வழக்கம்தான். ஆனால் அது பெரும்பாலும் திட்டுவதற்கு. வேற்றுக்கிரகத்தைப் பற்றி ஆட்டிடம் விசாரித்தவர் எங்கள் அக்கா ஒருவராகத்தான் இருக்கும்.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. அதற்குள் என் வீட்டுக்காரருக்கு வலது உள்ளங்கையில் வெடிப்பு வந்தது. சூடம் அடித்த கை. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஊரில் வாய் சும்மா இருக்குமா? பொய்ச் சத்தியம் செய்த கை என்று டீக்கடையில் காதுபடப் பேசினார்கள். பட்டுக்கோட்டை டாக்டர் பார்த்துவிட்டு, உரத்தைக் கையால் அள்ளி வீசுவதால் வந்தது, களிம்பு போடுங்கள், கையுறை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். டாக்டர் சொன்னதைத்தான் நான் நம்பினேன். இத்தனை வருஷம் விஞ்ஞானக் கதை படித்தவள், ஒன்று நடந்தால் அதற்குக் காரணம் எங்கே இருக்கும் என்று தேடக் கற்றிருக்கிறேன். உரம் காரணம். எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அவர் திண்டாடினார். களிம்பு தடவிக்கொண்டே ஒருநாள் என்னிடம் கேட்டார்: "நான் பொய் சொல்லலியே. எனக்கு ஏன் வருது?"

டாக்டர் சொன்ன காரணத்தை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. கையில் வந்ததற்கு உரம் காரணம். அவர் தலை குனிந்து நடப்பதற்கு யார் காரணம்? எந்தக் கதையைப் புரட்டினாலும் அதற்கு வேறு விடை கிடைக்காது.

முதலில் அக்காவிடம்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. அதையும் நேராகச் சொல்லத் துணிவில்லை. அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய விண்கலத்தின் கதை. ஆயிரம் பேர் நூறு வருஷம் தூங்கிக்கொண்டே போகிறார்கள். மத்தியானம் சுவரோரம் உட்கார்ந்து இரண்டு பக்கம் உள்ளபடி வாசித்தேன். பிறகு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அதில் இல்லாததை வாசித்தேன்.

"அந்தக் கலத்தில் ஒரு பெண் இருந்தாள். தண்ணீர்க் கதவை அடைக்கும்படி அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் கதை படித்துக்கொண்டிருந்தாள். கதவை அடைக்க மறந்தாள். அடுத்தவர்கள் விதைத்திருந்த முளையெல்லாம் மிதந்து மூலைக்குப் போயிற்று. கேட்டவர்களிடம் நேரத்துக்கு அடைத்தேன் என்றாள். நண்டு வளை என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷன் அதை நம்பிச் சத்தியம் செய்தான்."

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல் கேட்டது.

"ஆடே, ஆகாசத்துல போற கலத்துக்கு நண்டு எங்கேருந்துடி வந்துச்சு?"

நான் அழுதுவிட்டேன். அப்போது ஓர் ஆண் செருமுகிற சத்தம். மூத்தார்! அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, மாதக்கணக்காக மத்தியானத்தில் அங்கேதான் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறார் என்று அக்கா பிற்பாடு சொன்னார். ஒரு நாள் நான் காய்ச்சலில் வாசிக்காதபோது, "இன்னிக்கு இல்லியா?" என்று கேட்டாராம்.

மூத்தார் அக்காவிடம் சொன்னார். எனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

"அந்தப் புள்ளைகிட்ட சொல்லு. நான் போயி அவன்ட்ட சொன்னா அது இன்னொரு சண்டையாப் போவும். அதுவே அதோட புருஷன்ட்ட சொல்லட்டும்."

அன்று சாயங்காலமே சொன்னேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தார். மாடு தின்ன முடியாத அளவுக்குப் போட்டுவிட்டார். கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "என்னை ஏண்டி சூடம் அடிக்க விட்டே?"

திட்டியிருந்தால் தேவலை. ஐந்து நாள் என்னிடம் பேசவில்லை. அவர் ஆட்டோடும் பேசவில்லை. ஆறாம் நாள் காலை, "அய்யனார் முன்னாடி நீயே சொல்லு. எந்த எடத்துல என் வாயால பொய் வந்துச்சோ, அந்த எடத்துல நிஜம் ஒன் வாயால வரணும்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை போனோம். படலை எடுத்துவிட்டு அக்காவும் வந்தார். மூத்தார் தள்ளி நின்றார். பூசாரி, அவருக்குத் துணையாக இரண்டு பேர், வேண்டுதலுக்கு வந்திருந்த ஏழெட்டுப் பெண்கள். சூடம் அடித்த அன்று இருந்த கூட்டத்தில் கால் பங்குகூட இல்லை. எனக்கு அதுவே ஊர் முழுக்கத் திரண்ட மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சொல் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

அக்கா என் பக்கத்தில் வந்து காதில் சொன்னார். "சொல்லாதடி. படி."

பிரசாதத் தட்டில் யாரோ வைத்திருந்த வாழையிலைத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதை முகத்துக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பச்சை நரம்புகள்தான் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து வாசித்தேன். பூவரச நிழல், புத்தகம், மடை, முளை, பொய், எல்லாம். சுவருக்குக் கேட்க வாசித்து வாசித்துக் குரல் பழகியிருந்தது போலிருக்கிறது. கடைசி வரை உடையவில்லை. "என் வீட்டுக்காரர் மேல் குற்றமில்லை" என்று முடித்து இலையை இறக்கினேன்.

பெண்களில் ஒருத்தி, "புஸ்தகம் படிச்சியா? மடையில ஒக்காந்தா?" என்றாள். "அப்படி என்னடி கதை அது?" என்று இன்னொருத்தி கேட்டாள். பூசாரி என் வீட்டுக்காரர் நெற்றியில் விபூதி பூசினார். மூத்தார் வந்து தம்பி தோளில் கை வைத்தார். "வா, வாய்க்கால் பக்கம் போய்ட்டு வருவோம்" என்றார். இரண்டு பேரும் போனார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

கோயிலுக்குப் போவதற்கு முன்பே கை பாதி ஆறியிருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். களிம்பும் கையுறையும்தான் ஆற்றின. ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். தண்ணீர், உரம், மாடு, அவ்வளவோடு சரி. என் வீட்டுக்காரர் என்னை நூலகத்துக்குப் போக வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நான் எதையாவது செய்துவிட்டேன் என்று சொன்னால் இன்றைக்கும் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறார். அடுப்பை அணைத்தேன் என்றாலும் சரிதான். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கதை மட்டும் தினமும் நடக்கிறது. இப்போது மூன்று பேர் கேட்கிறார்கள். அக்கா என் எதிரில், மூத்தார் சுவருக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகையில் வேலை இருப்பதுபோல.

இதை அச்சில் போடுவதற்கு முன் யாராவது சரிபார்த்துவிட வேண்டும். நாற்று விட்டது ஆடிக் கடைசியா ஆவணி முதலா என்பது எனக்கு நிச்சயமில்லை. இரண்டு நிலாக் கணக்கையும் கணக்குத் தெரிந்தவர்கள் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. தண்ணீர் வரப்பைத் தொட்டதும் அடை என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறேன். தொடுவதற்கு முன்பே அடை என்று சொன்னாரோ என்று எழுதும்போதே சந்தேகம் வந்துவிட்டது. நான் எழுதியிருப்பது என் பிழையைக் குறைத்துக் காட்டுகிறதோ என்று பயமாக இருக்கிறது. அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாலை நேரத்தில் வாய்க்கால் மதகடியில்தான் இருப்பார். நூலகத்து அம்மாவோ வேறு யாரோ போய்க் கேட்டு, அவர் சொல்கிறபடி திருத்திப் போடுங்கள்.